காரில் கேட்டுக்கொண்டே காவிரி: ஒலி வழிகாட்டியோடு டெல்டாவில் இரண்டு நாள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த என் பெரியம்மா மகன், காலையில் காரில் போய் ஐயாறப்பரைத் தரிசித்துவிட்டு, அசோகா அல்வா வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டார். "ஐந்து ஆற்றையும் பார்த்தீர்களா அண்ணா?" என்று கேட்டேன். "ஓர் ஆறுதானே வந்தது? மற்றதையெல்லாம் வாய்க்கால் என்று நினைத்துவிட்டோம்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. இங்குள்ள பாலங்களைக் கடக்கக் காருக்குச் சில விநாடிகள் போதும். அந்தச் சில விநாடிக்குள் இது வெட்டாறு, இது குடமுருட்டி என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளின் குரலைப் பதிவுசெய்து காரில் வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்வது எப்படி என்று, டெல்டாவுக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒலி வழிகாட்டியுடன் கார்ப்பயணம் போவது மலை ஊர்களுக்குச் செல்பவர்களிடம் முன்பே பரவியிருக்கும் வழக்கம். செல்பேசியில் ஒரு செயலியை ஏற்றி, பயணத்துக்கு உரிய ஒலிக்கோப்புகளை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறார்கள். கார் ஒரு குறிப்பிட்ட இடத்தை நெருங்கியதை ஜிபிஎஸ் மூலம் அறிந்து, அந்த இடத்தின் கதையைச் செயலி தானாகவே சொல்லத் தொடங்கும். வழிகாட்டிக்கு ஆள் வைக்க வேண்டாம், கூட்டத்தோடு ஓட வேண்டாம், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மலையில் இது நன்றாகப் பொருந்துகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பெரும்பாலும் ஒரே சாலைதான். கொண்டை ஊசி வளைவுகள் வேகத்தைக் கட்டிப்போடுகின்றன. ஒவ்வொரு வளைவும் புதிய காட்சியைக் கண்முன் கொண்டுவருகிறது.

டெல்டா அப்படியன்று. நிலம் தட்டை. சாலைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இருபுறமும் வயல், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் ஒரு கோபுரம். ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஒரே இடத்தைச் சுற்றி வருவதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் வேறொரு ஆற்றின் பாசனத்துக்குள் போகிறீர்கள். அந்த மாற்றம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும். அதனால்தான் மலையைவிட இங்கே ஒலி வழிகாட்டி அதிகம் தேவை என்கிறேன். வழிகாட்டியை அமைக்கும்போது கோயில்களை வைத்துப் பிரிக்காமல், ஆறுகளை வைத்துப் பிரியுங்கள். கோயிலைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள நூறு வழிகள் உண்டு. வெண்ணாற்றைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

மாதம்

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அங்கே பூவும் நெல்லும் தூவி ஷட்டர்களைத் தூக்குவார்கள். அதற்குப் பிறகுதான் கடைமடையை நோக்கிப் போகும். ஆகவே ஆற்றைக் கேட்க வருபவர்கள் ஜூலை முதல் ஜனவரி நடுப்பகுதி வரை வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் பாலத்தின் கீழே மணல்தான் இருக்கும்.

என் விருப்பம் ஆகஸ்டும் ஜனவரித் தொடக்கமும். ஆகஸ்டில் ஆடிப்பெருக்கு முடிந்து ஆற்றில் நீர் நிறைந்திருக்கும், குறுவை பச்சை கட்டியிருக்கும். ஜனவரியில் சம்பா முற்றிச் சாய்ந்து நிற்கும், காலையில் பனி இறங்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வரக்கூடாது என்பதில்லை; ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

பாதை

தண்ணீர் போகும் திசையில் போங்கள், அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. எதிர்த்திசையில் போனால் கதை தலைகீழாகிவிடும். ஆறு பிரிவதற்குப் பதிலாகச் சேர்வதுபோலக் கேட்பவர் மனத்தில் பதிந்துவிடும்.

முதல் நாள் காலை திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் தொடங்குங்கள். அகண்ட காவிரி இங்கேதான் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிக்கொண்டு போகிறது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணை இது. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்துப் பழைய ஷட்டர்களில் சில இடிந்து போயின. அதன்பின் புதிய கதவணை கட்டினார்கள்.

அங்கிருந்து கல்லணை. பிறகு கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி வழியாகத் திருவையாறு. மாலையில் ஐந்து பாலங்களையும் தாண்டித் தஞ்சாவூர். இரவு அங்கே தங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் பாபநாசம் வழியாகச் சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். பின்னர் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று மயிலாடுதுறை வரை, அங்கிருந்து பூம்புகார். நேரமிருந்தால் கடற்கரையோரம் தெற்கே தரங்கம்பாடி.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான கோயில்களில் மதியம் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே நடுப்பகல் நான்கு மணி நேரத்தை ஆறுகளுக்கும் அணைகளுக்கும் சாலைக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். கல்லணைக்கு நடை சாத்துவதில்லை.

எழுதுவது

ஏற்கெனவே இருக்கும் செயலியில் தமிழில் நல்ல பயணம் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இறக்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: முதல் மூன்று கோப்புகளை வீட்டிலேயே கேளுங்கள். நான் ஒருமுறை இறக்கிய பயணத்தில் குடமுருட்டி என்ற பெயரையே காணவில்லை. தஞ்சாவூரை விட்டதும் அடுத்த பேச்சு திருவையாற்றுக் கோயில் வாசலில்தான் தொடங்கியது. அன்றுதான் சொந்தமாக எழுதுவதென்று முடிவு செய்தேன்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம். நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் வருகின்றன. ஆக, இரண்டு பாலங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் இருந்தால் உங்களிடம் இருப்பது நாலரை நிமிடம், அதாவது 450 சொற்கள். அதில் பாதியை மட்டும் எழுதுங்கள். மீதி நேரம் காரில் இருப்பவர்கள் பேசிக்கொள்ளவும், பார்க்கவும், "அப்பா, அது என்ன பறவை?" என்று குழந்தை கேட்கவும் வேண்டும். என் முதல் பதிவில் இந்த இடைவெளியை விடவில்லை. அக்காவும் அத்தானும் அரை மணி நேரத்தில் களைத்துப்போய் நிறுத்திவிட்டார்கள்.

இடத்தைக் காட்டும் சொற்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டரைக் கடக்க 18 விநாடிதான். "இதோ இடப்பக்கம் பாருங்கள்" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அது பின்னால் போய்விடும். "அடுத்து ஒரு மேடு வரும், ஏறியதும் இடப்பக்கம்" என்று சொன்னால் கண் தயாராக இருக்கும்.

மேடு என்றேனே, அதுதான் டெல்டாவில் கிடைக்கும் மிக நல்ல அடையாளம். ஆற்றின் கரை வயலைவிட உயரமாக இருப்பதால் பாலத்துக்கு முன்னால் சாலை ஏறும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முதுகு சீட்டில் அழுந்துவது தெரியும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால், மூன்றாவது பாலத்துக்குள் குழந்தைகளே "ஆறு வருகிறது" என்று கூவத் தொடங்கிவிடுவார்கள். நான் வெண்ணாற்றுக்கு எழுதியது இவ்வளவுதான்:

"சாலை ஏறுகிறது. வருவது வெண்ணாறு. நாம் காலையில் நின்ற கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிந்த அதே தண்ணீர். வெள்ளம் பெருகினால் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். பாசனத்துக்குக் காவிரியும் வெண்ணாறும் பங்கிட்டுக்கொள்ளும். சற்றுமுன் தாண்டிய வெட்டாறும், இனி வரப்போகும் வடவாறும் இந்த வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் பிரிந்தவை. கண்ணாடியை இறக்குங்கள்."

கடைசி வாக்கியத்துக்குப் பிறகு கோப்பில் அரை நிமிடம் எதுவும் பதியவில்லை. அதுவும் எழுதியதன் பகுதிதான்.

அடுத்தது, உண்மை. ஒலியில் சொல்வது எழுத்தைவிட எளிதில் நம்பப்படுகிறது. கேட்பவர் திரும்பிப் போய்ச் சரிபார்க்க மாட்டார். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரையும்போல நானும் பதிவுசெய்து வைத்திருந்தேன். அக்கா மகள் கோயில் முற்றத்தில் நின்று, தரையில் விழுந்திருந்த நிழலைக் காட்டி, "மாமா, இது யாருடைய நிழல்?" என்று கேட்டாள். அன்றிரவே அந்தக் கோப்பை அழித்துவிட்டு மாற்றிப் பதிந்தேன். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலில் வியக்க வேண்டியவை கல்லிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை அங்கே கல்வெட்டு இருக்கிறது. அச்சான கல்வெட்டுத் தொகுதியிலிருந்து பத்துப் பெயர்களை மட்டும் எடுத்து மெதுவாக வாசித்துப் பதியுங்கள். ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு பெண்ணின் பெயரை அவள் ஆடிய இடத்தில் நின்று காதால் கேட்பதற்கு இணையான கதை வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

மரபாகச் சொல்லப்படுவதை விட்டுவிட வேண்டாம். "என்று ஊரில் சொல்வார்கள்" என்ற மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்.

பதிவு

செல்பேசி போதும். அறைதான் முக்கியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். செல்பேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். "ப" வரும்போது காற்று மோதாது.

ஒரே குரல் இரண்டு நாளும் பேசினால் அலுக்கும். ஊர்க்காரர்களைப் பேச வையுங்கள். மதகு திறக்கும் லஸ்கர், நாற்று நடும் அம்மா, பாத்திரக் கடைப் பெரியவர். பதிவு செய்கிறோம், யார் கேட்கப்போகிறார்கள் என்பதைச் சொல்லி அனுமதி பெற்ற பின்பே பதிய வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவரிடம், "ஐயா, ராத்திரியில் தண்ணீர் கூடியது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "சத்தம் மாறும் தம்பி. ஷட்டருக்குக் கீழே விழுகிற சத்தம் கனத்துவிடும். தூக்கத்திலேயே எழுந்துவிடுவேன்" என்றார். என்னிடமுள்ள கோப்புகளில் பலரும் திரும்பக் கேட்பது அந்த அரை நிமிடத்தைத்தான்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது முதலில் எண்ணைப் போடுங்கள்: 01, 02, 03. கார்களின் பழைய ஒலிப்பெட்டிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். எண் மட்டும் பிழையின்றித் தெரியும், வரிசையும் மாறாது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ தரம் தாராளம். அந்தத் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்பிக்குள் அடங்கிவிடும்.

தானாக ஒலிப்பதா, கையால் தொடுவதா?

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. வரைபடத்தையும் ஒலியையும் முன்பே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மலையில் இது பெரிய உதவி. இங்கே வேறொரு சிக்கல் உண்டு. செயலியில் ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் போடுகிறோம். கார் வட்டத்துக்குள் நுழைந்ததும் கோப்பு ஒலிக்கும். திருவையாற்றருகே குடமுருட்டியும் காவிரியும் நெருங்கி ஓடுகின்றன. நான் பெரிய வட்டமாகப் போட்டு வைத்திருந்ததால், குடமுருட்டிப் பாலத்தின்மேல் போகும்போதே காவிரியின் கதை தொடங்கிவிட்டது. கேட்டவர்கள் கடைசிவரை குடமுருட்டியைக் காவிரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதற்காக இத்தனை பாடுபட்டேனோ அதுவே கெட்டுப்போயிற்று.

இரண்டாவது சிக்கல் கரைச் சாலை. இங்கே லயன்கரை என்பார்கள். ஆற்றின் இரு கரையிலும் சாலை போகும். நீங்கள் தென்கரையில் போக, வடகரையில் இருக்கும் இடத்துக்கான கோப்பு ஒலிக்கும். அங்கே போய்ச் சேர அடுத்த பாலம் வரை சுற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே செயலி பயன்படுத்தினால் வட்டங்களைச் சிறிதாக, பாலம் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் போடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. கார் எந்தத் திசையில் வந்தால் ஒலிக்க வேண்டும் என்று குறிக்கும் வசதி இருந்தால் அதையும் நிரப்புங்கள். முடித்ததும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டு நாள் மட்டும் வருபவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளியது: ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கையால் தொட்டு ஒலிக்க வையுங்கள். கூகுள் மேப்பில் எல்லா இடங்களையும் எண்ணிட்டுக் குறித்துக்கொண்டு, டெல்டாப் பகுதியை முன்பே இறக்கிவிடுங்கள். எண் 7 வரும்போது கோப்பு 07. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். பயணம் அவர்கள் கையில் இருக்கும்.

ஓட்டுபவருக்கு

காதில் இயர்போன் வேண்டாம். ஒலி காரின் ஸ்பீக்கரில்தான் வர வேண்டும். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கும் அளவுக்கே சத்தம் வையுங்கள். கும்பகோணம் சாலையில் பஸ்கள் காத்திருக்கப் பழகியவை அல்ல. கையில் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படியே குற்றம். செல்பேசியை டேஷ்போர்டில் வெயில்படும்படி மாட்டினால் நண்பகலில் சூடேறி அணைந்துவிடும். ஏசிக் காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லோ கிளையோ வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். ஈரப்பதம் குறைந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். வேறு களம் கிடைக்காததால் சாலைக்கு வந்த நெல் அது. அறுவடை இயந்திரம் எதிரே வந்தால் சாலை முழுவதும் அதற்குத்தான். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். வாத்துக் கூட்டம் குறுக்கே போனால் எஞ்சினை அணைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேளுங்கள், எந்தப் பதிவிலும் அது கிடைக்காது.

பாலத்தின்மேல் நிறுத்தவே கூடாது. பழைய பாலங்கள் குறுகலானவை. இறங்கிய பிறகு ஓரம் பார்த்து நிறுத்தி, நடந்து திரும்பி வாருங்கள்.

எங்கே எதைக் கேட்பது

கல்லணையில் காரை நிறுத்திவிட்டு இறங்கிக் கேளுங்கள். கரிகாலன் கட்டியது என்ற புகழ் எல்லாருக்கும் தெரியும். அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கத் தீவு முடியும் இடத்தில், காவிரி மறுபடியும் தாழ்வான கொள்ளிடத்தில் விழுந்து வீணாகிவிடாமல் தடுத்துத் தெற்கே திருப்புவதுதான் அதன் வேலை. இன்று அங்கிருந்து நான்கு வழிகள் போகின்றன: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். கடைசியாகச் சொன்னது மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் வந்தது. ஊரார் அதை இன்றும் புது ஆறு என்றே சொல்கிறார்கள். நான்கு ஷட்டர் வரிசைகளுக்கும் நடந்து போய் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான்கின் ஓசையும் ஒன்றாக இருக்காது.

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியை விட்டுக் குடமுருட்டி பிரிகிறது. ஓடும் காரிலேயே இரண்டு வாக்கியம் போதும்.

திருவையாறு காதுக்கே உரிய ஊர். தியாகராஜர் வாழ்ந்து 1847இல் மறைந்தது இங்கே. காவிரிக் கரையில் அவர் சமாதிக்கு முன்னால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். சமாதியில் எதையும் ஒலிக்க வைக்காதீர்கள்; படித்துறையில் உட்காருங்கள். ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் குரல் கொடுத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்று சொல்லப்படும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகளைக் கூப்பிடச் சொல்லி எண்ணச் சொல்லுங்கள். கோயிலுக்குள் ஸ்பீக்கர் கூடாது. ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொண்டால் ஓதுவார் பாடத் தொடங்கும்போது தெரியும், உடனே நிறுத்திவிடலாம்.

சுவாமிமலையில் சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகின் நுண்ணிய கோட்டைக்கூட வாங்கிக்கொள்ளும் அந்த மண், ஆறு கொண்டுவந்து போட்டது.

தாராசுரத்தில் பலிபீடத்தின் படிகளைத் தட்டினால் ஸ்வரங்கள் எழும் என்பார்கள். இப்போது கம்பி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுங்கள். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் ஊர். நெரிசலில் வழிகாட்டியை அணைத்துவிட்டு ஓட்டுவதில் கவனம் வையுங்கள்.

ஆடுதுறையைப் பலரும் நிறுத்தாமல் கடந்துவிடுகிறார்கள். நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் அது. 1960களில் இங்கிருந்து வந்த ஏடிடி 27 என்ற ரகத்தைத் திருச்சி வானொலி ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. கேட்டவர்கள் விதைத்தார்கள், அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்துவிட்டது. காரில் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டு அந்த வயல்களைக் கடக்கும்போது இதைச் சொல்லாமல் போகக்கூடாது.

அடுத்த ஊர் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யும் ஊர். 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஈரமெல்லாம் வற்றி முதிர்ந்த உத்தரங்களைத் தேடி வாங்குவார்கள். நாகஸ்வரத்தில் திமிரி, பாரி என்று இரண்டு வகை. திமிரி குட்டையானது, சுருதி கூடியது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளை கையிலெடுத்த பிறகு பாரிக்கே உலகம் பழகிவிட்டது. பட்டறையில் அனுமதி கேட்டு, இரண்டிலும் ஒரே ஸ்வரத்தை ஊதச் சொல்லி அடுத்தடுத்துப் பதியுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

மயிலாடுதுறையைத் தாண்டினால் காவிரி வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிப்போய் ஓடுவதைப் பார்ப்பீர்கள். முக்கொம்பில் அகன்று கிடந்த ஆறு இதுவா என்று காரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். இவ்வளவு தூரம் அது பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்த கிளைகள் பலவற்றை அவர்கள் பாலத்தின்மேல் கடந்திருக்கிறார்கள். பெயர்களை இந்த இடத்தில் வரிசையாக ஒருமுறை சொல்லுங்கள். மேலையூரில் கடைசிக் கதவணை. அப்பால் பூம்புகார், 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும் சங்கமத் துறையும் அங்கே. முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

தரங்கம்பாடிக்குப் போனால் 1620இல் டேனியர் கட்டிய கோட்டையைச் சுவர்மேல் வெயில் சாயும் நேரத்தில் பாருங்கள். ஆற்றுக் கதைக்கு அது வெளியே; தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி. எங்கே பாலம் மாற்றிக் கட்டுகிறார்கள், எங்கே சாலை சுற்றிவிடப்பட்டிருக்கிறது, எந்தக் கோப்பு முந்திப் பேசியது, எது பிந்தியது என்று இரவே குறித்துவிடுங்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் கல்லணை திறந்த வாரத்தில் தஞ்சாவூர்–திருவையாறு சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து அந்த ஐந்து கோப்புகளையும் திருத்துகிறேன். பெரியம்மா மகன் போன ஆகஸ்டில் மறுபடியும் வந்திருந்தார். குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டியதும் காரை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்: "தம்பி, இது நான்காவது. தண்ணீர் கரை முட்டப் போகிறது."